ஆறே முக்காலுக்கு வந்த போன்

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா தம்பி? கீழ வைக்கக் கூடாது, சீர்ச் சாமான். மேல கம்பியில வச்சா மாலை நசுங்கிரும். கனமெல்லாம் இல்ல. ஒரு பட்டுப்பாவாடை சட்டை, வளையல், மஞ்சள் குங்குமம், ஒரு ரோசாப்பூ மாலை. அம்புட்டுத்தான். நீங்க மருந்துக் கம்பெனி ரெப்பா? பையைப் பார்த்தாலே தெரியுது. போடிக்கா? நல்லது. நான் சங்கிலிப்பட்டி ரோடு பிரியுற விலக்குல இறங்கிக்கிருவேன்.

தங்கச்சி மகளுக்கு இன்னைக்குச் சடங்கு. நான் தாய்மாமன். பார்க்கிறீங்களே, தாய்மாமன் பஸ்ஸுல போறான், கட்டைப்பையோட. இருபத்தொரு தட்டு எடுத்து, மேளம் வச்சு, வேட்டுப் போட்டு, ஊரே வாயைப் பிளந்து பார்க்கப் போக வேண்டியவன். அதுவும் என் சொந்த மைக்செட்டுல. மைக்செட் சன்னாசின்னா தேனி சுத்துவட்டாரத்துல தெரியாத ஆள் கிடையாது தம்பி. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் கொடை, காணாமப் போன ஆட்டுக்குட்டி வரைக்கும் நான் சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும். அந்த வீட்டு விசேசத்துக்கு இன்னைக்கு வேற எவன் செட்டோ பாடுது. கூடப் பிறந்தவ எனக்குப் பத்திரிகை வைக்கல. ஊர் பூரா வச்சிருக்கா, எனக்கு வைக்கல. பத்திரிகை வைக்காத வீட்டுக்கு என் செருப்புக்கூட வராதுன்னுட்டா என் பொண்டாட்டி. அதான் தனியாப் போறேன்.

சீர் யாரு போடுறா தெரியுமா? பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன். தெய்வேந்திரன்னு ஒருத்தன். அவன் அண்ணன் ஸ்தானமாம். நான் யாரு? நான் என்ன செத்தா போயிட்டேன்?

என்ன தப்புப் பண்ணினேன்னு கேளுங்க. இல்ல, கேளுங்க. நீங்க மருந்து லைன்ல இருக்கிறவரு, உங்களுக்குப் புரியும். கொஞ்சம் இங்கிட்டுச் சாஞ்சுக்கங்க, பின் சீட்டுல பொம்பளைங்க இருக்காங்க, மெதுவாச் சொல்றேன்.

ஈஸ்வரிக்கு, அதான் என் தங்கச்சிக்கு, ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் பய, தினகரன். தினான்னு கூப்பிடுவோம். சின்னவ சுபிக்ஷா, அவளுக்குத்தான் சடங்கு. மச்சான் மஸ்கட்டுல ஏசி மெக்கானிக். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவாப்ல. அப்ப அந்தப் பயலுக்கு ஆம்பளைன்னு யாரு? நான்தான். மொட்டை போட்டது என் மடியில, காது குத்துனது என் மடியில. சைக்கிள் பழக்கினது, கபடிக்குச் சேர்த்துவிட்டது எல்லாம் நான். எட்டு வயசுல இருந்து பெருமாள் கோயில் கூட்டத்துல என் பக்கத்துல உக்காந்து ஒயர் சுத்துவான்.

போன ஆனி மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை. பய பத்தாவது. காலையில எந்திரிக்கும்போதே வலி. வாந்தி. என்ன வலியா? வயித்து வலி.

இல்ல, சொல்றேன், அவசரப்படாதீங்க.

வலி அங்க. கீழ. புரியுதா? அந்த இடத்துல, இடது பக்கம். பதினஞ்சு வயசுப் பய, மீசை அரும்புற நேரம், அம்மாகிட்டயா சொல்லுவான்? தங்கச்சிகிட்டயா சொல்லுவான்? எனக்குப் போன் பண்ணினான். மாமா, அம்மாகிட்டச் சொல்லிராதீங்கன்னான். பெத்த தாய்கிட்டச் சொல்லாததை என்கிட்டச் சொன்னான் தம்பி. அது பெருமையா இல்லையா? நீ வாயைத் திறக்காத, மாமா வர்றேன், மாமா பார்த்துக்கிறேன்னு சொல்லி வண்டியை எடுத்தேன். சொன்ன சொல்லை இன்னைக்கு வரைக்கும் காப்பாத்துனவன் நான்.

எத்தனை மணிக்கா? காலையிலதான். நேரம் என்ன நேரம், காலைன்னா காலை. உங்களை மாதிரி ஆளுகளுக்கு எடுத்ததும் அந்தக் கேள்விதான் வருது. எத்தனை மணிக்கு வலி வந்துச்சு, எத்தனை மணிக்கு வலி வந்துச்சு. நான் என்ன கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டா உக்காந்திருந்தேன்?

போனேன். பய சுவத்தைப் பார்த்துச் சுருண்டு கிடக்கான். கால் ரெண்டையும் நெஞ்சோட இழுத்துக்கிட்டு. ஈஸ்வரி என்னண்ணேன்னா. வயித்து வலி, சூடு பிடிச்சிருக்குன்னேன். பொய்யில்ல தம்பி, எனக்கு அப்படித்தான் தோணுச்சு. முந்துன நாள் பூரா வெயில்ல கபடி ஆடியிருக்கான். சூடு ஏறுனா அங்கதானே பிடிக்கும்? நாம எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்? நல்லெண்ணெயில பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவச்சு, பயலோட ரெண்டு கால் பெருவிரல்லயும் நானே தடவுனேன். ரெண்டு நிமிசம், அப்புறம் கழுவணும். வலி கேட்கல. இன்னொரு தடவை தடவுனேன். இளநி வெட்டிக் குடுத்தேன், குடிச்ச வேகத்துல வெளிய வந்துருச்சு. அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவன் என் மூஞ்சியையே பார்க்கிறான். மாமா போலாம் மாமா, போலாம் மாமான்னு முணங்குறான். போலாம்டா, எண்ணெய் வேலை செய்யட்டும்டான்னேன்.

பத்தரைக்குக் கூட்டிட்டுப் போனேனே! கூட்டிட்டுப் போகலைன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. ஊருக்குள்ள ஒரு கிளினிக். போனா லேடி டாக்டர். சின்னப் பொண்ணு, இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும். அந்தப் பொண்ணுகிட்டப் போயி நான் என்னத்தைச் சொல்ல? பயலைக் கழட்டிக் காட்டச் சொல்லவா? மானம் மரியாதை இல்லையா? கேஸ் டிரபிள் மாதிரி இருக்கு மேடம், வயித்து வலின்னேன். வயித்தை அமுக்கிப் பார்த்துச்சு. வேற எங்கயாச்சும் வலி இருக்கான்னு கேட்டுச்சு.

கேட்டுச்சு, இல்லைங்கல.

பய என்னைப் பார்த்தான். நான் அவன் தோள்ல கையை வச்சு, வேற எங்கயும் இல்ல மேடம்னேன். அது ஒரு ஊசி போட்டு, குறையலைன்னா ஸ்கேன் எடுங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. இப்பச் சொல்லுங்க. அம்புட்டுப் படிச்சவங்க, வயசுப் பய வயித்து வலின்னு வந்தா அங்கயும் ஒரு பார்வை பார்க்கணும்னு தெரிய வேண்டாமா? அது தப்பில்லையா? அதை யாரும் கேட்கல. என்னைத்தான் கேட்கிறாய்ங்க.

ஊசி போட்டதும் வலி கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு. படுத்தான். பார்த்தியா, சூடுதான்னேன் ஈஸ்வரிகிட்ட. அன்னைக்கு மத்தியானம் ஒரு கல்யாண வரவேற்புக்கு செட் கட்டணும், நான் போயிட்டேன். ஒயரை இழுத்துக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு இருக்கும்போது மூணரை மணிக்கு ஈஸ்வரி போன். அண்ணே, பய நடக்க மாட்டேங்கிறான், அவங்கப்பா லுங்கியை எடுத்துக் கட்டிக்கிட்டுக் காலை அகட்டிக்கிட்டு நிக்கிறான், எனக்குப் பயமா இருக்குண்ணேன்னு. நான் வர்றதுக்குள்ள அந்தத் தெய்வேந்திரன் ஆட்டோவுல ஏத்திட்டா. இருபது நிமிசத்துல தேனி வந்துட்டானாம். ஆட்டோ ஓட்டுனது ஒரு சாதனையா தம்பி? அதுக்குத்தான் இன்னைக்கு மாலை போடுறான்.

நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி. ஞாயித்துக்கிழமையும் கூட்டம். சீட்டு எழுதுற இடத்துல ஒரு பொண்ணு. என்ன பிரச்சனைன்னு கேட்குது. எனக்குப் பின்னாடி நிக்கிறது யாரு தெரியுமா? பந்தல் காண்ட்ராக்டர், அவர் சம்சாரம், அவர் மாமியா. தினமும் என்கூடத் தொழில் பண்றவரு. என்ன சன்னாசிங்கிறாரு. நான் என்ன செய்ய? வயித்து வலின்னேன். அந்தப் பொண்ணு வயித்து வலின்னு எழுதி, நாற்பத்தி மூணாம் நம்பர், உக்காருங்கன்னுச்சு.

உக்காந்தோம். இருபத்தாறு ஓடிக்கிட்டு இருக்கு. பய உக்கார முடியாம சுவத்தோரம் சாஞ்சு நிக்கிறான். வேர்த்து ஊத்துது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். அப்படியே சரிஞ்சு விழுந்துட்டான். ஈஸ்வரி பதறிப் போயித் தூக்கப் போறா, அவ கை அங்க பட்டுருச்சு. பட்டதுதான். ஒரு கத்து கத்தினான் பாருங்க. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சு. அவ லுங்கியை விலக்கிப் பார்த்துட்டா. அத்தனை பேருக்கு நடுவுல தம்பி. பார்த்துட்டு எந்திரிச்சு நின்னு என்ன செஞ்சா தெரியுமா?

சொல்லவே நாக் கூசுது. பின்னாடி கேட்கப் போகுது.

"எம்புள்ளைக்கு வயித்து வலி இல்லைய்யா! விதைக்கொட்டையில வலி! கொட்டை வீங்கிக் கிடக்கு! யாராச்சும் வாங்கய்யா!"

மைக் இல்லாம தம்பி! முந்நூறு பேரு இருப்பாங்க. பந்தல்காரரு மாமியா வாயைப் பொத்திக்கிருச்சு. பொம்பளை பேசுற பேச்சா அது? நல்ல குடும்பத்துல பொறந்தவ பேசுற பேச்சா? ஏய் ஈஸ்வரி, மெதுவாடின்னு கையைப் பிடிச்சேன். என் கையைத் தட்டிவிட்டுட்டு மறுபடியும் அதையே கத்துறா. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. பதினெட்டு வருசமா மேடையில நிக்கிறவன், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கல.

ஒரு சின்ன டாக்டர் ஓடியாந்தாரு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிப் போட்டாய்ங்க. நம்பர் எல்லாம் கேட்கல. என்னமோ ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேனாம், பத்து நிமிசத்துல எடுத்தாய்ங்க. ஒரு டாக்டர் வந்து, உள்ள இருக்கிற கொடி முறுக்கிக்கிச்சு, ரத்தம் போகலைன்னாரு. எனக்குப் புரிஞ்சுச்சு. குழாய்க்குப் போற ஒயர் முறுக்கிக்கிட்டா எங்கயாவது அறுந்து குழாய் செத்துரும்ல, அந்த மாதிரி. வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னாரு. ஈஸ்வரி, காலையில இருந்துங்கிறா. நான் பத்து மணி இருக்கும் டாக்டர்னேன். அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. எத்தனை மணியா இருந்தா என்ன, செய்யப் போறது ஒரே ஆபரேசன்தானே?

அஞ்சரைக்கு உள்ள போனான். ஆறரைக்கு டாக்டர் வெளிய வந்தாரு. கருத்துப் போச்சும்மா, எடுத்துட்டோம்னாரு. இன்னொண்ணு நல்லா இருக்கு, அது முறுக்கிக்காம இருக்கத் தையல் போட்டுட்டோம், கல்யாணம் குழந்தை எதுக்கும் பயமில்லைன்னாரு. அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னாரு. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்திருப்போம். ஈஸ்வரி அழுகல. விரலை மடக்கி மடக்கி என்னமோ எண்ணிக்கிட்டு இருந்தா.

மூணாம் நாள் பயலோட செல்லை எடுத்துட்டு வந்து என் முன்னாடி நீட்டுனா. ஞாயித்துக்கிழமை, மாமான்னு பேர் போட்டிருக்கு, நாலு நிமிசம் பேசியிருக்கு. நாலு நிமிசம் என்னண்ணே பேசினான்னா. வயித்து வலின்னான், வேற என்ன பேசுவான்னேன். வயித்து வலியை நாலு நிமிசமாண்ணேன்னா. திரும்பிக் கட்டில்ல கிடந்தவனைக் கேட்டா. நீ மாமாகிட்ட என்னடா சொன்ன? பய என்னைப் பார்த்தான். வயித்து வலின்னுதாம்மா சொன்னேன்னான்.

அதுதான் தம்பி ரத்த பாசம். வளர்த்த வளர்ப்பு. இல்லையா?

அத்தோட முடிஞ்சிருக்கணும். ஆனா நம்ம ஊரைப் பத்தித் தெரியுமே. பயலுக்கு என்ன ஆபரேசன், என்ன ஆபரேசன்னு வர்றவன் போறவன் எல்லாம் கேட்கிறான். டீக்கடை மாரிச்சாமிகிட்ட மட்டும் சொன்னேன். அவன் நம்ம ஆளு. அப்புறம் சலூன்ல. அப்புறம் மச்சான் வழிச் சொந்தத்துல ரெண்டு பேரு கேட்டாங்க, நாளைக்கு மறைச்சுட்டான் சன்னாசின்னு பேச்சு வந்துரக் கூடாதுல்ல? உண்மையைத்தானே சொன்னேன்? பள்ளிக்கூடத்துப் பயலுக அதைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தை, ஒத்தைன்னு கூப்பிட்டா அதுக்கு நானா பொறுப்பு? பய கபடிக்குப் போறதில்ல. வேற பள்ளிக்கூடம் மாத்திட்டா. இப்பத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நடக்கிறான்.

ஒரு நாள் என் கடைக்கு வந்தா ஈஸ்வரி. கத்துவான்னு பார்த்தேன். கத்தல. "சொல்ல வேண்டிய அன்னைக்கு உன் வாய் எங்கண்ணே போச்சு? இனிமே என் வீட்டு விசேசத்துக்கு வராத"ன்னு மெதுவாச் சொல்லிட்டுப் போயிட்டா. அம்புட்டுத்தான். இதுக்காகவா கூடப் பிறந்தவனை வெட்டிவிடுவாங்க? நீங்களே சொல்லுங்க.

கூப்பிடாம ஏன் போறேன்னு கேட்கிறீங்களா? கூப்பிட்டான். பய கூப்பிட்டான். நேத்துப் போன் பண்ணினான், ஆறு மாசம் கழிச்சு. "மாமா, சுபி உங்களைக் கேட்டு அழுகுது. நீங்க வாங்க. ஆனா அன்னைக்கு நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்னு நீங்களே அம்மாகிட்டச் சொல்லிருங்க மாமா. நான் சொல்ல மாட்டேன். நீங்களாச் சொன்னா அம்மா ஏத்துக்கிரும். நான் விலக்குல வந்து நிக்கிறேன், சேர்ந்தே போவோம்"னான். பார்த்தீங்களா? தூக்கி வளர்த்த பய, கண்டிசன் போடுறான். மாமனுக்குக் கண்டிசன்.

அதான் சொன்னேனே, வலிக்குதுன்னு சொன்னான். வேற என்ன சொன்னானா? நாலு நிமிசமா?

தண்ணி வச்சிருக்கீங்களா தம்பி?

ஆறே முக்கால். ஆறே முக்காலுக்குப் போன் பண்ணினான். நான் அப்பத்தான் பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேன். அழுதுக்கிட்டே பேசினான். "மாமா, இடது பக்கம் மேல ஏறிக்கிட்டு நிக்குது மாமா, வீங்குது. செல்லுல பார்த்தேன் மாமா. இது முறுக்கிக்கிறதாம். உடனே ஆபரேசன் பண்ணணுமாம். ஆறு மணி நேரம்தான் டைம்னு போட்டிருக்கு மாமா. இப்பவே அரை மணி நேரம் ஆச்சு"ன்னான். எல்லாம் சொன்னான். டாக்டர் சாயங்காலம் சொன்னதை அந்தப் பய காலையில ஆறே முக்காலுக்கே என்கிட்டச் சொல்லிட்டான். செல்லுல கண்டதையும் பார்த்துக் கெட்டுப் போகாதடா, உங்கம்மாகிட்ட மட்டும் வாயைத் திறந்துறாத, மானம் போயிரும்னு நான்தான்... நான்தான் சொன்னேன்.

கிளினிக்குல உக்காந்திருக்கும்போது சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தான் தம்பி. பத்தரை. இன்னும் நேரம் இருந்துச்சு. என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தான். அந்தக் கடிகாரத்தாலயும் அவன் மூஞ்சியாலயும்தான் எனக்குத் தூக்கம் போச்சு.

இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் கிளம்புனேன். மாலை வாங்கும்போதே சொல்லிப் பார்த்துக்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லிட்டேன்ல, அவகிட்டச் சொல்ல என்ன? ஈஸ்வரி, பய அன்னைக்கே என்கிட்ட எல்லாத்தையும் சொன்னான்மா, நான்தான் மறைச்சேன்னு. ரெண்டு வரி. கோயில் திருவிழாவுல நாலு பக்கம் நன்கொடையாளர் பேரை மூச்சு விடாம வாசிக்கிறவனுக்கு ரெண்டு வரியா கஷ்டம்?

விலக்கு வந்துருச்சு போல. பாட்டுச் சத்தம் கேட்குது பாருங்க. குழாயை வடக்குப் பார்த்துக் கட்டியிருக்கான் மடையன்.

அந்தா. அந்தா நிக்கிறான் தம்பி. நீலச் சட்டை. வளர்ந்துட்டான். ஒவ்வொரு சன்னலாப் பார்க்கிறான். நல்லா இருக்கான்ல? தலையை நிமிர்த்தித்தான் நிக்கிறான்.

கொஞ்சம் நகருங்க. இல்ல, இறங்கல. செருப்பு... செருப்புக் கீழ மாட்டிக்கிச்சு, குனிஞ்சு எடுக்கணும். நீங்க அப்படியே சாஞ்சு உக்காருங்க தம்பி, சன்னலை மறைச்சாப்ல. ஆமா. கண்டக்டர் கேட்டா ஆள் இறங்கலைன்னு சொல்லிருங்க. மாலையைப் பைக்குள்ள அமுக்குங்க, வெளிய தெரியுது.

வண்டியை எடுத்துட்டானா? போயிருச்சா விலக்கு?

செல் அடிக்குது. சட்டைப் பையில. அவன்தான். நீங்க எடுங்க தம்பி. என்னால முடியாது, நீங்க எடுங்க. கூட வந்தவர்னு சொல்லுங்க. மாமா வர முடியல, பாதியிலயே உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு சொல்லுங்க. என்னன்னு கேட்டா...

வயித்து வலின்னு சொல்லுங்க.